வழி சொல்லாத மலை

தேயிலைக்கு நடுவே நின்ற சவுக்கு மரத்தில் நான் என் கையாலேயே கட்டிவிட்டு வந்த கொடி அது. அதை அவிழ்த்துத் தோளில் துண்டு மாதிரிப் போட்டுக்கொண்டு, கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். கீழே ரோட்டோரத்தில் என் மாணவி ஒருத்தி கையிலிருந்த மெப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தாள். அக்கா நேராக அவளிடம் போய்க் கொடியை நீட்டினார்.

"இந்தா புள்ள, இதத்தானே தேடுற? இதுக்குப் போயி அம்புட்டுத் தூரம் ஏறுவியா நீ?"

எனக்குத் தலை கொதித்தது. அவள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய கொடியை, பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து கொடுப்பது போலக் கொடுத்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஓரியன்டீரிங் தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். இது ஓட்டப் போட்டிதான், ஆனால் தடம் கிடையாது. மலையிலோ காட்டிலோ அங்கங்கே செம்மஞ்சளும் வெள்ளையுமான துணிக் கொடிகளைக் கட்டி வைப்போம். ஓடுகிறவர் கையில் மெப் என்கிற வரைபடம் ஒன்றும் ஒரு திசைகாட்டியும் கொடுத்து, ஒவ்வொருவராக இடைவெளி விட்டு அனுப்புவோம். மெப்பில் குறித்திருக்கும் கொடிகளை வரிசையாகத் தேடிப் போய், அங்கே தொங்கும் கருவியால் தன் அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டு வர வேண்டும். சீக்கிரம் வருகிறவர் ஜெயித்தவர். எந்த வழியால் போனாலும் கேள்வி இல்லை. ஆனால் அந்த வழியைத் தானேதான் கண்டுபிடிக்க வேண்டும். வேறொருவர் சொல்லிக் கொடுத்தால் அங்கேயே ஆட்டம் முடிந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு தேயிலைத் தோட்டத்தில், கையில் காகிதத்தோடு ஒரு பிள்ளை நின்று சுற்றும் முற்றும் பார்க்கிறது. சும்மா விடுகிற சனமா இது? நான் கம்பளையில் பிறந்தவள், கண்டியில் குடியிருப்பவள், பன்வில பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடமொன்றில் புவியியல் படிப்பிப்பவள். முதல் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி நான் வாயைத் திறக்கும் முன்பே, "ஸ்கூலுக்குத்தானே டீச்சர்?" என்று கேட்டு நாலைந்து பேர் வாசல் வரை கொண்டுபோய் விட்டார்கள். அப்போது அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது! பள்ளிக்கூடங்களுக்கிடையிலான போட்டிக்கு நான் வைத்த இந்த ஒத்திகை நாளில் அதே குணம் என் கழுத்தை அறுத்தது.

ஒத்திகைக்கு அனுப்பிய பிள்ளைகள் அத்தனை பேரும் பகல் சாப்பாட்டு நேரத்துக்கு ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். முன்னால் கொடியைத் தூக்கிக்கொண்டு அந்த அக்கா, நடுவில் பிள்ளைகள், பின்னால் வழி காட்டிய மற்ற அக்காமார். ஒருத்தியின் கையில் யாரோ கொடுத்த ரொட்டி வேறு.

எனக்குப் பக்கத்தில் மேற்பார்வையாளர் நின்றிருந்தார். போட்டியை நடத்தும் அமைப்பு அனுப்பியவர். இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சிங்களவர், தமிழ் ஓரளவு பேசுவார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்துவிட்டுச் சொன்னார்.

"மிஸ், மெப் நல்லா இருக்கு. எடமும் நல்லா இருக்கு. ஆனா இது ரேஸ் இல்ல. பெரஹர."

யானையும் மேளமுமாகப் போகிற கண்டி ஊர்வலத்தைச் சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நிபந்தனையைச் சொன்னார். உண்மையான போட்டியன்று ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு பிள்ளைக்கு வழி சொன்னாலும் அந்த இடத்திலேயே ரத்துச் செய்துவிடுவார். அதற்குப் பிறகு போட்டி பேராதனைப் பக்கம் வேலி போட்ட இடத்துக்குப் போய்விடும், இந்த மலைக்குத் திரும்பி வராது. அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

போட்டி போய்விட்டால் என்ன என்று கேட்கலாம். என் பெண் பிள்ளைகள் ஓட மாட்டார்கள், அவ்வளவுதான். போன தடவை போட்டி வெளி மாவட்டத்தில் நடந்தபோது, வேனில் ஏறியது பையன்கள் மட்டும். மலையில் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறி இறங்குகிற என் பெண்களில் ஒருத்தியைக்கூட வீட்டில் விடவில்லை. வாசல் வாசலாக ஏறி இறங்கிக் கேட்டேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில். "இங்கன்னா ஓடட்டும் டீச்சர். வெளியூரெல்லாம் வேணாம்." அவர்களோடு சண்டை பிடித்துப் பயனில்லை என்று தெரிந்த பிறகுதான், போட்டியையே இங்கே கொண்டுவருவது என்று முடிவெடுத்தேன். கொண்டும் வந்தேன். இப்போது அதை ஒரு ரொட்டித் துண்டுக்குப் பறி கொடுப்பதா?

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மெப்பைக் கணினியில் வரைந்து தந்தவர் என் கணவர்தான். அவர் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை.

"மலையில ஈக்கிற சனத்துட வாய நீ பூட்டப் போறியா? மொதல்ல ஒன்ட வாயப் பூட்டிப் பாரு."

பூட்டித்தான் காட்டுவது என்று அன்றைக்கே மனதுக்குள் சபதம் போட்டேன்.

முதலில் பிரட்டுக்களத்துக்குப் போனேன். காலையில் தொழிலாளர்கள் கூடி, அன்றைக்கு எந்த மலையில் வேலை என்று கேட்டுக்கொண்டு போகிற இடம் அது. ஸுபஹு தொழுத கையோடு பஸ் ஏறி, குளிரில் நடுங்கிக்கொண்டு, அவர்கள் முன்னால் நின்று தொண்டை கிழியப் பேசினேன். வழி சொன்னால் பிள்ளைகளுக்குத்தான் நட்டம் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இவ்வளவு சுலபமாகத் தலையாட்டினால் எனக்குச் சந்தேகம் வரும்.

"சரி, ஒரு புள்ள வந்து கொடி எங்கன்னு கேக்குது. என்ன செய்வீங்க?"

கொடியை அவிழ்த்த அக்காதான் முன்வரிசையில் நின்றார். "தெரியாதுன்னு சொல்லிருவோம் டீச்சர்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று நான் மூச்சு விடுவதற்குள் மீதியையும் சொன்னார். "சொல்லிட்டு, வாயத் தெறக்காம கையால மட்டும் காட்டிருவோம்."

களம் முழுக்க ஆமா ஆமா என்றது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

பேசிப் பயனில்லை என்று புரிந்தது. கையால் காட்டுவது பாவம் என்று இவர்கள் மண்டையில் எந்தப் பிரசங்கத்தாலும் ஏற்ற முடியாது. ஆகவே அடுத்த சனிக்கிழமை, கொழுந்தைத் தராசில் நிறுத்து முடிந்த பிறகு, அந்த அக்காவின் கையில் ஒரு மெப்பைக் கொடுத்து ஓடச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். இந்த மலையில் தனக்குத் தெரியாத மூலை இருக்கிறதா, பேப்பர் எதற்கு என்றார். அது எனக்கும் தெரியும். அதனால்தான் தோட்டத்து எல்லைக்கு அப்பால், அவர் வேலைக்குப் போகாத பைனஸ் மரக் காட்டில் கொடிகளைக் கட்டியிருந்தேன்.

வேடிக்கை பார்க்க, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து பாதிச் சனம் வந்துவிட்டது. மெப்பின் வடக்கையும் திசைகாட்டியின் வடக்கையும் ஒன்றாக்கிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அக்கா முதலில் வெட்கப்பட்டார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மரங்களுக்குள் போனார். முதல் கொடி சுலபம். இரண்டாவதைப் பாறைக்குப் பின்னால் பள்ளத்தில் வைத்திருந்தேன். அங்கே தடுமாறினார். முன்னால் போனார், திரும்பி வந்தார், மெப்பைப் பார்த்தார். அவருடைய புருசன் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றவர், அங்கிருந்து கொடியைக் கண்டுவிட்டார்.

"ஏய், அந்தா..."

"வாய மூடுய்யா!" என்று அக்கா திரும்பிப் போட்ட சத்தத்தில் காடே அதிர்ந்தது. "நான் தேடிக்கிட்டு இருக்கேன்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. மறுபடியும் மெப்பைப் பார்த்து, பாறையைச் சுற்றி இறங்கி, கொடியைப் பிடித்துவிட்டார். இந்தத் தடவை அவிழ்க்கவில்லை. மேலே ஏறி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"டீச்சர், யாரும் சொல்லாமப் போய்ச் சேர்றது ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு."

"அதத்தான் அக்கா நான் தொண்ட கிழியச் சொன்னேன்."

"நீங்க எங்க இதச் சொன்னீங்க? நீங்க சட்டந்தானே சொன்னீங்க" என்றார்.

அதன் பிறகு சட்டம் போட்டது அவர்தான். கையில் பேப்பர் இருந்தால் பேச்சு கிடையாது. கண்ணால் காட்டுவதும் கிடையாது. தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையே பேப்பரோடு வந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. இதை மலை மலையாக அவரே சொல்லிக்கொண்டு போனார். நான் சொல்லியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பார்கள்.

மற்ற வேலைகள் என் தலையில். சனிக்கிழமைதோறும் தோட்டம் முழுக்க நடந்து மெப்பைத் திருத்தினேன். மழையில் சரிந்த பாதைகளை அழித்தேன், புதிதாக விழுந்த குறுக்குப் பாதைகளைச் சேர்த்தேன். அட்டை கடித்த காலோடு வீட்டுக்குப் போனால், கணவர் உப்புத் தண்ணீர் வைத்துவிட்டு, "இண்டைக்கு எந்த ஆற மாத்திப்போட்ட?" என்று கேட்பார். போட்டிக்கு முந்திய வாரம், நான் மூன்று கொடி வைக்கத் திட்டமிட்டிருந்த மலைக்கு மருந்தடிக்கப் போவதாகத் துரையின் ஒபிசிலிருந்து செய்தி வந்தது. மருந்தடித்த தேயிலைக்குள் பிள்ளைகளை விட முடியாது. சாப்பாட்டு மேசையில் இருந்த சாமானையெல்லாம் தள்ளிவிட்டு, பாதையை முதலிலிருந்து போட்டோம். ஒத்திப் போடுங்கள் என்று பள்ளிக்கூட அதிபர் சொன்னார். ஒத்திப் போட்டால் இந்தச் சனத்தின் வாயும் ஒத்திப் போட்ட நாள் வரை மூடியிருக்குமா? முடியாது என்றுவிட்டேன்.

போட்டியன்று காலையில் பனிமூட்டம் தேயிலைக்கு மேல் இறங்கியிருந்தது. கண்டியிலிருந்தும் கம்பளையிலிருந்தும் பள்ளிக்கூட வேன்கள் வந்து நின்றன. என் பெண் பிள்ளைகள் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலையோடு முதல் ஆட்களாக வந்து நின்றார்கள். அவர்கள் பெற்றோரும் வந்து, படங்குக் கூடாரத்துக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பிஸ்மி சொல்லி முதல் பிள்ளையை அனுப்பினேன்.

கடைசிப் பிள்ளையும் போன பிறகு மேற்பார்வையாளர் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஒரு மெப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கொடிகளைச் சரிபார்க்க வேண்டும், யாராவது வழி சொல்கிறார்களா என்று தன் கண்ணாலேயே பார்க்கவும் வேண்டும் என்றார்.

"கூட ஒரு ஆள அனுப்பட்டா சேர்? மூட்டமா இருக்கே."

"நான் இதுலயே தல நரைச்சவன் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகள் திரும்பி வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவராக! ஒருத்தி தேயிலைக்குள்ளிருந்து, ஒருவன் ஓடைப் பக்கமிருந்து, இன்னொருத்தி யாரும் எதிர்பாராத குறுக்கால். முழங்கையில் சிராய்ப்பு, காலில் இரத்தம், ஒருத்தி அழுதுகொண்டே வந்தாள். யாராவது வழி சொன்னார்களா என்று கேட்டேன்.

"யாரு சொன்னா?" என்று என் மேலேயே பாய்ந்தாள். "எங்க லயத்து அக்காகிட்டயே கேட்டேன் டீச்சர். என்னத் தெரியாத மாதிரி வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க!"

அவளைக் கட்டிப்பிடித்து முத்தமிடலாம் போலிருந்தது. பெண்கள் பிரிவில் முதல் மூன்று இடத்தில் இரண்டு எங்கள் பிள்ளைகள். பெற்றோர் நின்ற பக்கம் பார்த்தேன். கட்டிய கைகளை அவிழ்த்திருந்தார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். மேற்பார்வையாளரை மட்டும் காணவில்லை. அவர் கையெழுத்து இல்லாமல் இந்த முடிவுகளில் ஒன்றுகூடச் செல்லாது. லுஹர் தொழுகை நேரமும் கடந்தது. போன் எடுத்தால் சிக்னல் இல்லை. யாரோ ஒரு ஆள் வழி சொன்னதைப் பிடித்துவிட்டாரோ, அதை எழுதிக்கொண்டு நிற்கிறாரோ என்று ஒரு பயம். எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரோ என்று அதைவிடப் பெரிய பயம். முடிவு அட்டையைக் கைப்பைக்குள் போட்டு, மேசையிலிருந்த மெப்பை எடுத்துக்கொண்டு நானே ஏறினேன்.

மேல் மலையில் அக்காமார் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். தொப்பி போட்ட சேர் ஒருவரைக் கண்டீர்களா என்று மூச்சு வாங்கக் கேட்டேன். பதில் இல்லை. ஒருவர் வெற்றிலையை மென்றார். இன்னொருவர் செடிக்குள் குனிந்துகொண்டார். சட்டம் போட்ட அக்காவும் அங்கேதான் நின்றார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"காது கேக்கல்லியா? ஒரு மனுசனக் காணல்ல! நான் டீச்சர், என்னத் தெரியல்லியா?" என்று கத்தினேன்.

அக்கா மெதுவாக என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மெப். அதைக் கசக்கிக் கைப்பைக்குள் திணித்தேன். உடனே மலை முழுக்க ஒரேயடியாகப் பேசத் தொடங்கியது.

"அந்த சேரா? பாவம் டீச்சர், வெள்ளனையிலேருந்து சுத்திச் சுத்தி வாறாரு."

"ரோட்டு எங்கன்னு சிங்களத்துல கேட்டாரு, தமிழ்ல கேட்டாரு. கடைசியாக் கையெடுத்துக் கும்பிட்டாரு" என்றார் சட்டம் போட்ட அக்கா. அவர் கண் கலங்கியிருந்தது. "பேப்பர் கையில இருந்திச்சே டீச்சர். நாங்க கொழுந்தப் பாத்துக்கிட்டே நின்னுட்டோம்."

"அப்ப இந்த மூட்டத்துல அவரத் தனியா விட்டுட்டீங்களா?"

அக்காவுக்கு ரோசம் வந்துவிட்டது. "தனியா விடுவோமா? என்னா பேச்சுப் பேசுறீங்க? பின்னாலேயே ரெண்டு பேர அனுப்பியிருக்கோம். தள்ளித்தான் போகணும், வழுக்கினா மட்டும் புடிக்கணும், வாயத் தெறக்கக் கூடாதுன்னு சொல்லி."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மூட்டத்துக்குள்ளிருந்து மேற்பார்வையாளர் வெளிப்பட்டார். தொப்பி இல்லை. சப்பாத்து சேறாக இருந்தது. அவருக்குப் பின்னால், கொழுந்துச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு பெண்கள். அவர் நின்றால் அவர்களும் நின்றார்கள். அவர் திரும்பிப் பார்த்தால் பக்கத்துச் செடியை ஆராய்ந்தார்கள்.

என்னைக் கண்டதும் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்துப் பள்ளத்தைப் போட்டிப் பள்ளம் என்று நினைத்து இறங்கிவிட்டதாகவும், அதற்குப் பிறகு தொட்டதெல்லாம் பிழையாகப் போனதாகவும் சொன்னார். காலில் தொங்கிய அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த மலையில உள்ள எல்லார்கிட்டயும் கேட்டேன் மிஸ். ஒரு ஆள் சொல்லல. ஒரே ஒரு ஆள்கூட." சொல்லிவிட்டு முடிவு அட்டையைக் கேட்டுக் கையை நீட்டினார். "அடுத்த வருசமும் இங்கதான்."

கைப்பைக்குள் அட்டையைத் தேடிக்கொண்டே அக்காவிடம் விசயத்தைச் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தார்.

"செய்வோம் டீச்சர். ஆனா பின்னால போறத மட்டும் விட மாட்டோம். சேருக்கு மட்டுமில்ல. இன்னைக்கு ஓடுன எல்லாப் பொம்பளப் புள்ளைக்கும் பின்னால ஆளு இருந்திச்சு. எங்க மலை முடியிற வரைக்கும் நாங்க, அங்கேருந்து அந்த மலைக்காரங்க. தனியா ஓடணும்னதும் பின்வாங்குன அவங்க அம்மா அப்பாவையே அப்புடிச் சொல்லித்தான் நாங்க சம்மதிக்க வச்சோம்."

இதை நான் தனியாக நின்று பிடித்த சண்டை என்று அன்று வரை நினைத்திருந்தேன்.

"என்ன சொல்றாங்க?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். அட்டையை வாங்கிப் பேனையையும் திறந்திருந்தார், இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஒன்றுமில்லை சேர் என்று சொல்லிவிடலாம். இவ்வளவு பேர் ஒரு நாள் முழுக்க உண்மையாக நின்ற இடத்தில் நான் மட்டும் எப்படி மறைப்பது? ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். இதற்காக ரத்துச் செய்தால், எந்த அமைப்பானாலும் வாசலில் போய் நின்று சண்டை பிடிப்பேன் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் திரும்பி, தனக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்களையும் பார்த்தார். இந்தத் தடவை அவர்கள் செடியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்கள்.

"பேசலையே மிஸ்?" என்று கேட்டார்.

"பேசல்ல சேர்."

அவர் அட்டையைத் தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.